பரிந்துரைக் கடிதம் கேட்கும் முன்

வெளிநாட்டுக் கோடை ஆய்வுத் திட்டங்கள் பலவற்றுக்கு ஜனவரி, பிப்ரவரியில்தான் கெடு. இங்கே சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டு விடுமுறையும் அதையொட்டியே வரும். அதனால் நவம்பரிலேயே, தேர்வுக்கு முன் கேட்டுவிடுங்கள்.

யாரிடம்? பெரிய பெயரைத் தேடிப் போகாதீர்கள். முந்நூறு பேர் அமரும் விரிவுரையில் 'ஏ' வாங்கியவரைப் பற்றி எழுத, மதிப்பெண்ணைத் தவிர அந்தப் பேராசிரியருக்கு என்ன தெரியும்? ஆய்வுக்கூடத்தில் நீங்கள் தடுமாறியதையும் திருத்திக்கொண்டதையும் பார்த்தவரே மேல்.

"வலுவான கடிதம் தர இயலுமா?" என்றே கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லி விலகலாம். இசைந்தால் மதிப்பெண் பட்டியலோடு, செய்த வேலையைத் துல்லியமாக அனுப்புங்கள். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் சோதனை என்றால் இப்படி: "பிசிஆரில் டிஎன்ஏ பட்டை தெரியவில்லை; அனீலிங் (பிரைமர் டிஎன்ஏவோடு ஒட்டும் கட்டம்) வெப்பநிலையை 60லிருந்து 55 டிகிரிக்குக் குறைத்தேன்." இப்படி ஒரு வரி போதும், கடிதத்துக்கு உயிர் வந்துவிடும்.

கடிதத்தைப் பதிவேற்ற அவருக்கு வரும் இணைப்பு ஸ்பேமில் விழக்கூடும். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே அவருக்கு நினைவூட்டுங்கள். கெடு அமெரிக்கக் கிழக்குக் குளிர்கால நேரம் இரவு 11:59 என்றால் சிங்கப்பூரில் மறுநாள் பகல் 12:59.