ஒரே பொடியை எல்லாருக்கும் விற்ற தவறும் அதைத் திருத்திய விதமும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் நடத்தும் மசாலாக் கடையில், நெடுங்காலம் ஒரே கறிப்பொடியை ஒரு கிலோப் பையில் மட்டுமே விற்று வந்தேன். விற்பனை சரிந்தபோது விலையைக் குறைத்தேன், லாபம்தான் குறைந்தது.

ஒரு நாள் பாட்டியம்மா ஒருவர் பையை மூக்கருகே பிடித்து, "தம்பி, நான் ஒருத்தி. இதில் பாதி தீர்வதற்குள் வாசனை போய்விடுகிறதே" என்றார். அன்றிலிருந்து இரண்டு மாதம், யார், எதற்காக, எவ்வளவு வாங்குகிறார் என்று நோட்டில் குறித்தேன்.

வயதையோ இனத்தையோ வைத்துப் பிரித்துப் பார்த்தபோது ஒன்றும் பிடிபடவில்லை. பயன்பாட்டை வைத்துப் பிரித்ததும் தெளிந்தது. பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு நிரப்பிய உணவு) விற்கும் கடைக்காரர்களுக்கு நிறமும் காரமும் வாரந்தோறும் மாறாதிருக்க வேண்டும். வீடுகளுக்குப் புதிதாக அரைத்த சிறு பொட்டலம் போதும். புரட்டாசியில் புலால் தவிர்க்கும் குடும்பங்கள் சாம்பார்ப்பொடியையே தேடின. வாங்குவோரைத் தேவைவாரியாகப் பிரித்து விற்கும் சந்தைப் பிரிப்பை, ஒரு பொருளைப் போட்டிப் பொருள்களிலிருந்து வேறுபடுத்திக் காட்டி எல்லாருக்கும் விற்கும் பொருள் வேறுபடுத்தலுக்கு மாற்று உத்தியாக, அமெரிக்கச் சந்தையியல் அறிஞர் வெண்டெல் ஸ்மித் 1956இல் விளக்கியிருந்ததைப் பின்னர்தான் படித்தேன்.

கடைக்காரர்களுக்கு ஒரே கலவையில் 5 கிலோ மூட்டையும், வீடுகளுக்கு அரைத்த தேதியிட்ட 100 கிராம் பொட்டலமும், புரட்டாசிக்கு முன்பே சாம்பார்ப்பொடியும் தயாராயின. விலை ஒன்றையே பார்ப்பவர்களைப் பேரங்காடிகளுக்கு விட்டுவிட்டேன். மிகக் கடினமான முடிவு அதுவே, ஆனால் யாருக்கு விற்பதில்லை என்று தீர்மானிக்காத வரை பிரித்தறிந்ததால் பயனில்லை. நான்காம் மாதத்தில் லாபம் பழைய நிலைக்குத் திரும்பியது. அந்தப் பாட்டியம்மா இப்போது மாதம் இருமுறை வருகிறார்.