கடல்மீன் தொட்டியில் நைட்ரேட்: பெங்களூரில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

இரண்டடித் தொட்டி, இரண்டு நெமோ, ஒரு டேம்சல், கொஞ்சம் கல். முதல் ஆறு மாதம் எல்லாம் அழகாகப் போகும். பிறகு கண்ணாடியில் பச்சை படியும், கல்லில் முடி முடியாகப் பாசி வளரும், டெஸ்ட் செய்து பார்த்தால் நைட்ரேட் 60, 80 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) என்று நிற்கும். கடைக்குப் போனால், "பெரிய ஃபில்டரா போட்டுடுங்க சார், சரியாயிடும்" என்பார்கள். பெங்களூரில் கடல்மீன் வளர்க்கும் நம்மவர்களில் பெரும்பாலோர் அதை நம்பி இரண்டாவது ஃபில்டரும் வாங்கி மாட்டிவிடுகிறார்கள். மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஃபில்டர் நைட்ரேட்டை எடுப்பதில்லை, உண்டாக்குகிறது. மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. கல்லிலும் ஃபில்டரிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியா கொல்லும், நைட்ரேட் அவ்வளவு கொடியதில்லை. ஆகவே ஃபில்டர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. பாக்டீரியா குடியிருக்க ஃபில்டரில் போடும் செராமிக் வளையத்தை இரண்டு மடங்காக்கினாலும் நைட்ரேட் இறங்காது. ஏறவும் ஏறாது. "பயோ பால் (பாக்டீரியா தங்கப் போடும் பிளாஸ்டிக் உருண்டை) போட்டால் நைட்ரேட் ஏறும்" என்பதும் பாதி உண்மைதான். ஏற்றுவது பயோ பால் இல்லை, அதன் இடுக்கில் மாதக்கணக்கில் தங்கிவிடும் அழுக்கு.

அந்த அழுக்கைப் பற்றி ஒரு நினைப்பு உண்டு: ஸ்பாஞ்சில் சிக்கிவிட்டால் தொட்டியை விட்டுப் போய்விட்டது என்று. காப்பி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். தூள் மேலேயே தங்கினாலும் அதன் சாரம் கீழே இறங்கிவிடுகிறது. ஸ்பாஞ்சில் சிக்கிய கழிவின் மேலும் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அதனால் வெள்ளைப் பஞ்சை மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை தூக்கிப் போட்டு மாற்ற வேண்டும். ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை, வாட்டர் சேஞ்சில் எடுத்த பழைய உப்புத் தண்ணீரிலேயே பிழிந்து கழுவ வேண்டும். குழாயடியில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். செராமிக்கையும் ஸ்பாஞ்சையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பளபளவென்று தேய்த்து வைப்பவர்கள் செவ்வாய்க்கிழமை அம்மோனியா டெஸ்ட் ஒன்றும் செய்து பார்ப்பது நல்லது.

கழிவு அழுகுவதற்கு முன்பே வெளியே எடுக்கும் கருவி புரோட்டீன் ஸ்கிம்மர்: காற்றுக் குமிழியில் கழிவை ஒட்டவைத்து, நுரையாக மேலே உள்ள கப்பில் சேர்ப்பது. அதிலும் கப்பின் கழுத்தில் வழவழவென்று எண்ணெய்ப் படலம் படிந்துவிட்டால் நுரை மேலே ஏறாது. வாரத்தில் இரண்டு முறையாவது அந்தக் கழுத்தைத் துடைக்காதவர்கள் ஸ்கிம்மரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரி, நைட்ரேட் எங்கிருந்து வருகிறது? தீனி டப்பாவிலிருந்து. டப்பாவில் புரதம் 45 சதவீதம் என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். ஆக ஒரு கிராம் தீனியில் 72 மில்லிகிராம் நைட்ரஜன். அது முழுக்க நைட்ரேட்டாக மாறினால் சுமார் 320 மில்லிகிராம். 80 லிட்டர் தொட்டியில் கல்லும் மணலும் போக 65 லிட்டர் தண்ணீர் இருந்தால், ஒரு கிராம் தீனிக்கு 5 பிபிஎம் வரை ஏறும். மீனின் உடம்பில் சேர்வது, பாசி தின்பது எல்லாம் போகக் கொஞ்சம் குறையும். ஆனாலும் நகை எடை போடுகிற சின்ன டிஜிட்டல் தராசில் ஒரு வாரத் தீனியை நிறுத்துப் பாருங்கள். விரல் நுனியால் கிள்ளிப் போடுகிறோம் என்று நினைக்கிற அளவே வாரத்துக்கு இரண்டு கிராமைத் தாண்டியிருக்கும். வீட்டில் குழந்தையும் பாட்டியும் தனித்தனியாகப் போடுகிறார்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

இப்போது வாட்டர் சேஞ்ச் கணக்கு. வாரம் 10 பிபிஎம் ஏறுகிறது, வாரம் 20 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறீர்கள். நைட்ரேட் எங்கே போய் நிற்கும்? மாற்றுவதற்கு முன் 50, மாற்றிய பின் 40. அடுத்த வாரம் மறுபடி 50. எத்தனை வருடம் விடாமல் செய்தாலும் இதற்குக் கீழே போகாது. "வாரா வாரம் தண்ணி மாத்துறேன், இறங்கவே மாட்டேங்குது" என்பவர்களின் புதிர் இவ்வளவுதான். தீனியைப் பாதியாக்கினால் அதே 20 சதவீதத்தில் 20க்கும் 25க்கும் நடுவில் வந்து நிற்கும். மாற்றும் அளவைக் கூட்டுவதைவிட இதுதான் மலிவு. உப்பு விலை உங்களுக்கே தெரியும்.

இந்தக் கணக்கில், ஊற்றுகிற புதுத் தண்ணீரில் நைட்ரேட் இல்லை என்று வைத்துக்கொண்டோம். பெங்களூரில் அப்படி வைத்துக்கொள்ள முடியாது.

புதுத் தண்ணீரிலேயே 20 பிபிஎம் இருந்தால் மேலே சொன்ன 40–50 என்பது 60–70 ஆகிவிடும். இங்கே வீட்டுக்கு வருவது ஒரு தண்ணீர் இல்லை. நூறு கிலோமீட்டர் தள்ளி தொரேக்காடனஹள்ளியிலிருந்து பம்ப் செய்து வருகிற காவிரித் தண்ணீர், அபார்ட்மென்ட் போர் தண்ணீர், டேங்கர் தண்ணீர் எல்லாம் ஒரே சம்ப்பில் கலக்கின்றன. கழிவுநீர் கசிவதால் நகரத்துப் போர்வெல்களில் நைட்ரேட் அதிகமாக இருப்பது பல இடங்களில் தெரிந்த விஷயம். குடிநீருக்கே லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கிறது; நாம் குடித்தால் பரவாயில்லை என்கிற தண்ணீர் தொட்டிக்கு அதிகம். 2024 கோடையில் போர்கள் வற்றிப் பல பகுதிகள் டேங்கரையே நம்பியிருந்தன. அப்படிப்பட்ட நாளில், போன மாதம் டெஸ்ட் செய்து "ஓகே" என்று முடிவு கட்டிய தண்ணீர் இந்த மாதம் வேறு தண்ணீர்.

"நாங்க ஆர்ஓ தண்ணிதான் ஊத்துறோம்" என்பது அடுத்தது. சமையலறை ஆர்ஓ, ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையோ தாதுக்களையோ மறுபடி கலந்துதான் பெரும்பாலும் வெளியே விடுகிறது. ஒரு டம்ளர் பிடித்து டிடிஎஸ் மீட்டரை (கரைந்த உப்புகளின் அளவைக் காட்டுவது) முக்கிப் பாருங்கள். 50, 80 என்று காட்டும். போதாக்குறைக்கு, ஆர்ஓ சவ்வு மற்ற பல உப்புகளைத் தடுக்கும் அளவுக்கு நைட்ரேட்டைத் தடுப்பதில்லை. தொட்டிக்கு வேண்டியது ஆர்ஓவுக்குப் பின்னால் மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் மணிகள் நிரப்பிய குழாய் ஒன்று சேர்த்த யூனிட்; மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். 1, 2 என்று ஏறத் தொடங்கினால் ரெசினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதிலாக ஊற்றுவதும் இதே தண்ணீர்தான், உப்பில்லாமல். உப்பு ஆவியாவதில்லை.

சென்னையிலிருந்து வருகிற மாமாவிடம் இரண்டு கேன் கடல் தண்ணீர் கொண்டுவரச் சொல்பவர்களும் உண்டு. மெரினாவின் வட முனையில் கூவம் கலக்கிறது, தெற்கே பெசன்ட் நகர்ப் பக்கம் அடையாறு. ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் கலந்து உப்பின் அளவும் இறங்கியிருக்கும். நைட்ரேட்டைக் குறைக்க ஊற்றுவதை நைட்ரேட்டோடு வாங்கி வருவதற்கு மாமா எதற்கு? அதே ஆசையில் ராமேஸ்வரம் பக்கமிருந்து பவளக் கல் எடுத்து வருவது வெறும் தவறில்லை, குற்றம். கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இலிருந்து இருக்கின்றன. செத்த பவளத்துண்டு என்று சொல்லித் தப்ப முடியாது. நுண்துளை உள்ள உலர் கல்லோ செராமிக் கட்டியோ போதும். அவற்றின் உள்ளே ஆக்சிஜன் எட்டாத துளைகளில் வேறுவகை பாக்டீரியா குடியேறி நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி விடும். மாதக்கணக்கில் ஆகும், அவ்வளவுதான்.

காத்திருக்க முடியாதவர்களுக்காகவே சில பொருட்கள் விற்கின்றன. அம்மோனியா சிப்ஸ் என்கிற ஜியோலைட் நல்ல தண்ணீர் மீன்களுக்கானது. உப்புத் தண்ணீரில் அம்மோனியாவின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்வதால் பயன் கிடையாது. சாதாரண நைட்ரேட் ரெசினுக்கும் குளோரைடால் அதே கதி. வோட்கா, சர்க்கரை ஊற்றுவது உண்மையிலேயே வேலை செய்யும் முறை. ஆனால் அது பாக்டீரியாவைப் பெருக்கி, ஸ்கிம்மர் வழியாக வெளியே எடுக்கும் முறை. ஸ்கிம்மர் இல்லாத 80 லிட்டர் தொட்டியில் ஒருநாள் அளவு கூடினால் தண்ணீர் பால் மாதிரி கலங்கி, விடிவதற்குள் ஆக்சிஜன் இல்லாமல் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். சின்னத் தொட்டிக்கு என் சிபாரிசு, பின்பக்கம் தொங்கவிடும் பெட்டியில் விளக்கு போட்டு கீட்டோமார்ஃபா பாசி வளர்ப்பது. வளர வளர ஒரு கைப்பிடி பறித்துக் குப்பையில் போட்டால் அதோடு நைட்ரேட்டும் போகும்.

இதையெல்லாம் செய்துவிட்டுப் பூஜ்யத்துக்கு ஆசைப்படக் கூடாது. மீன் மட்டும் உள்ள தொட்டியில் 20, 30 இருந்தால் நெமோவுக்கு ஒன்றும் ஆகாது. பவளம் இருந்தால் 2 முதல் 10 வரை நல்லது. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சேர்த்துத் துடைத்தெடுத்த தொட்டியில்தான் பழுப்பு நிறத்தில் கோழை கோழையாக டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்கிற நுண்ணுயிர்) வந்து உட்காரும். அதை விரட்டுவதோடு ஒப்பிட்டால் முடிப் பாசி தேவலை.

டெஸ்ட் கிட்டிலும் ஒரு விஷயம். பல கிட்களில் இரண்டாவது பாட்டிலின் அடியில் தூள் கெட்டியாகப் படிந்துவிடும். மேசையில் தட்டி, அரை நிமிடம் கை வலிக்கக் குலுக்கவில்லை என்றால் 80 இருக்கும் இடத்தில் 10 காட்டும். தொட்டி வைத்த முதல் வாரங்களில் இதற்கு நேர்மாறு: நைட்ரைட் மிச்சம் இருக்கும்போது நைட்ரேட் கிட் கண்டபடி அதிகமாகக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கடைசியாகக் கரண்ட். பராமரிப்புப் பணி என்று காலையில் போகும் கரண்ட் சில நாள் சாயங்காலம்தான் வரும். கேனிஸ்டர் ஃபில்டர் மூடிய டப்பா. உள்ளே தண்ணீர் நின்றுவிட்டால் அங்கிருக்கும் பாக்டீரியா மிச்ச ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் சாக ஆரம்பிக்கும். மணிக்கணக்கில் நின்ற பிறகு கரண்ட் வந்ததும் அது தானாக ஓடினால், அழுகிய தண்ணீர் நேராக மீன் மேல் கொட்டும். ஆகவே கரண்ட் போனதும் கேனிஸ்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பேட்டரி ஏர் பம்ப் ஒன்றைத் தொட்டியில் போட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் கேனிஸ்டரைத் திறந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மோந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால் ஸ்பாஞ்சை உப்புத் தண்ணீரில் அலசிய பிறகுதான் மறுபடி மாட்ட வேண்டும்.