செடி வாடினால் உடனே சொம்பைத் தூக்காதீர்கள்

என் முதல் அடீனியத்தை (பாலைவன ரோஜா) நான்தான் கொன்றேன். ஐப்பசி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன, கிளை நுனிகள் தொய்ந்தன. பாவம், தாகம் போலிருக்கிறது என்று மழை இல்லாத நாட்களில் காலையும் மாலையும் ஊற்றினேன். ஒரு வாரம் கழித்து அடித்தண்டைத் தொட்டால் அழுகிய வாழைப்பழம் மாதிரி அமுங்கியது.

வேருக்குத் தண்ணீர் வேண்டும், காற்றும் வேண்டும். மண்ணின் இடுக்கெல்லாம் நீர் நிரம்பிவிட்டால் வேர் மூச்சுமுட்டிச் சாகும், அப்புறம் பூஞ்சை வந்து அழுக வைக்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் மண் சொதசொதவென்று இருக்கும்போதும் இலை வாடுகிறது. அந்த வாட்டத்தைப் பார்த்து நாம் இன்னொரு சொம்பு ஊற்றுகிறோம். ஊற்றுவதற்கு முன் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். தேங்காய் நார்க்கழிவு கலந்த மண் மேலே வறண்டும் உள்ளே ஈரமாகவும் இருக்கும், கண்ணை நம்ப முடியாது. சின்னத் தொட்டி என்றால் தூக்கிப் பார்த்தாலே எடை சொல்லிவிடும்.

குழாயைப் பிடித்து வரிசையாக எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு அடித்துக்கொண்டு போவதும் இதே தவறுதான். சித்திரை வெயிலில் மாடியில் நிற்கும் செம்பருத்திக்குத் தினமும், சில நாள் இரண்டு வேளையும் தண்ணீர் தேவைப்படும். பக்கத்தில் நிற்கும் அடீனியத்துக்கும் ஸ்நேக் பிளான்ட்டுக்கும் மண் முழுக்கக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

சரி, தண்ணீர் நன்றாக வடியட்டும் என்று தொட்டியின் அடியில் ஜல்லி போடுகிறோமே? நானும் பல வருடம் போட்டேன். அது உதவாது, கெடுதல்தான். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்து நெட்டாகத் தூக்கிப் பிடியுங்கள். சொட்டுவது நின்ற பிறகும் அடிப்பாகத்தில் ஈரம் தேங்கி நிற்கும். தொட்டி மண்ணிலும் அப்படித்தான், அடியில் ஓர் ஈர அடுக்கு எப்போதும் இருக்கும். பொடி மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்கு நீர் சுலபத்தில் இறங்காது. ஆகவே ஜல்லி போட்டால் அந்த ஈர அடுக்கு மேலே ஏறி வேருக்கு நெருக்கமாக வந்துவிடுகிறது. மண் ஓடாமலிருக்க ஓட்டை மேல் ஒரு ஓட்டுச் சில்லு வைத்தால் போதும். வடிகால் நன்றாக வேண்டுமென்றால் மண் கலவையே பொலபொலவென்று இருக்க வேண்டும். செம்மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, மணலோ நார்க்கழிவோ ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சேருங்கள். வெறும் செம்மண் நாலு மாதத்தில் செங்கல் ஆகிவிடும்.

நர்சரியில் வாங்கும்போதே ஒரு வம்பு கூடவே வரும். பல செடிகள் களிமண் உருண்டையோடு வருகின்றன. லாரியில் தூரம் போகும்போது உடையாமலிருக்க அது வசதி. நம் தொட்டியில் அப்படியே இறக்கினால் சுற்றி ஊற்றும் தண்ணீர் உருண்டைக்குள் போகாது, இல்லையென்றால் போனது வெளியே வராது. ஒரு வாளியில் ஊற வைத்து, வெளிப்பக்கக் களிமண்ணை மெதுவாகக் கரைத்துவிட்டு நடுங்கள். ஆனால் வாங்கி வந்த அன்றே வேண்டாம், ஒரு வாரம் நிழலில் இருக்கட்டும். கத்திரி வெயிலில் தொட்டி மாற்றும் வேலையே வேண்டாம். ‘வளரத்தானே போகிறது’ என்று சின்னச் செடியை அண்டாவில் வைப்பதும் தப்பு. வேர் எட்டாத மண்ணில் ஈரம் கிடந்து புளிக்கும்.

வெளிச்சத்தில் நடக்கும் குளறுபடி வேறு. குரோட்டன்ஸை அதன் நிறத்துக்காக வாங்கி ஹால் மூலையில் வைக்கிறோம். அந்தச் சிவப்பும் மஞ்சளும் வெயில் கொடுத்த நிறம். மூலையில் வரும் புது இலையெல்லாம் பச்சையாகவே வரும். இடம் மாற்றியதும் இலை கொட்டும், பயந்து மறுபடி மறுபடி இடம் மாற்றாதீர்கள். அக்லோனிமாவும் ஆந்தூரியமும் நேர் எதிர், மதிய வெயில் நேரே பட்டால் இலை கருகும். காகிதப் பூவுக்கோ முழு வெயில் வேண்டும், தண்ணீரில் கொஞ்சம் கஞ்சத்தனமும் வேண்டும். செல்லம் கொடுத்தால் கொடியும் முள்ளுமாக வளருமே தவிரப் பூக்காது. (நாம் பூ என்று சொல்லும் அந்த வண்ணக் காகிதம் இலையின் மாற்றுருவம். நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ.)

சாமந்தியின் கதை பலருக்குத் தெரியாது. இரவு நீண்டால்தான் அது மொட்டு வைக்கும். மாடியில் விடிய விடிய எரியும் எல்.இ.டி. விளக்குக்குக் கீழே வைத்தால், அதன் கணக்கில் இரவே வரவில்லை. வணிகத் தோட்டங்களில் பூப்பதைத் தள்ளிப்போடுவதற்காகவே ராத்திரியில் விளக்குப் போடுகிறார்கள்.

‘காற்றைச் சுத்தம் செய்யும்’ என்று சொல்லி விற்கும் செடிகளை அழகுக்காக வாங்குங்கள், தப்பில்லை. அந்தப் பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டும் நாசாவின் 1989 ஆய்வு மூடிய சின்னக் கூண்டில் நடந்தது. ஜன்னலும் கதவும் உள்ள வீட்டில் நாலு தொட்டி அந்த வேலையைச் செய்துவிடாது. ஜன்னலைத் திறந்து வைப்பது மலிவு.

இட்லிப் பூ செடியில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் உரம் போதவில்லை என்று யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். புது இலைகளில் இது தெரிந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைதான். போர்வெல் கடினநீரை ஊற்றி ஊற்றி மண் காரத்தன்மை ஏறிவிட்டால், இரும்பு மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பு) அந்த மண்ணில் கொட்டினால் அதுவும் முடங்கிவிடும். லிட்டருக்கு 2 கிராம் கரைத்து மாலையில் இலை மேல் தெளியுங்கள். மழைநீர் பிடிக்க வழியிருந்தால் முதல் பங்கு இந்தச் செடிக்கு.

ஒட்டு ரோஜாவில் ஒட்டுப் பகுதிக்குக் கீழிருந்து ஒரு துளிர் வேகவேகமாகக் கிளம்பும். அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம். அது அடியில் உள்ள காட்டு ரோஜா, விட்டால் மேலே உள்ளதைப் பட்டினி போட்டுவிடும். அடியோடு கிள்ளி எடுங்கள். வெள்ளைக் கோடு போட்ட இலைச் செடியில் முழுப் பச்சையாக வரும் கிளையும் இதே மாதிரிதான், வெட்ட வேண்டும்.

உரம் என்று டீத்தூளைப் பாலும் சர்க்கரையுமாகக் கொட்டினால் வருவது எறும்பு. எறும்பு வந்தால் அது காவல் காக்கும் மாவுப்பூச்சியும் பெருகும், செம்பருத்தி மொட்டெல்லாம் வெள்ளையாகும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் தெளிக்கலாம். உச்சி வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு தரைக்கு நல்லது. அதில் தேங்கும் தண்ணீர் டெங்கு கொசுவுக்கு இன்னும் நல்லது. ஊற்றி அரை மணி நேரத்தில் கவிழ்த்துவிடுங்கள், மழைக்காலத்தில் தட்டே வேண்டாம்.

கடைசியாக, தவழும் குழந்தை உள்ள வீட்டில் டைஃபன்பாக்கியாவைத் தரையில் வைக்காதீர்கள். இலையைக் கடித்தால் உள்ளே இருக்கும் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் நாக்கையும் தொண்டையையும் வீங்க வைக்கும். மணி பிளான்ட்டிலும் இவை உண்டு. அரளி, அடீனியம் இரண்டின் பாலும் விஷம், கிளை வெட்டினால் கையைக் கழுவிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.