லூப்பரோடு ஒட்டாத டிலே: நான் சரிசெய்த விதம்

லூப்பரில் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் பெடல்) நாலு பார் (தாளச் சுற்று) கிட்டார் லூப்பை ஓடவிட்டு, அதன்மேல் டிலேயோடு (எதிரொலி தரும் பெடல்) வாசிக்கும்போது எதிரொலிகள் தாளத்தில் உட்காரவே இல்லை. காலால் தட்டி வைத்த டிலே வேகமும் லூப்பின் உண்மையான வேகமும் ஒன்றாக இல்லாததுதான் காரணம். 20 மில்லிசெகண்ட் வித்தியாசம் முதல் எதிரொலியில் தெரியாது. நாலாவதில் அதுவே 80 ஆகிவிடும், காதை உறுத்தும்.

அதனால் தட்டுவதை விட்டுவிட்டு, லூப்பின் நீளத்திலிருந்தே கணக்குப் போட்டேன். 16 தாள அடி கொண்ட லூப் 9.6 வினாடி ஓடினால் ஓர் அடிக்கு 600 மில்லிசெகண்ட். முக்கால் அடி டிலே வேண்டுமா, 450 வைத்தால் போதும். இரண்டு பெடலும் மிடி கிளாக்கை (கருவிகளுக்கிடையே தாள வேகத்தைச் சொல்லும் சமிக்ஞை) கையாளுமானால் இந்தக் கணக்கும் வேண்டாம். லூப்பர் அனுப்பும் மிடி கிளாக்கை டிலே பின்தொடரும்.

சரி, இன்னொரு தொல்லை: லூப் திரும்பும் இடத்தில் எதிரொலியின் வால் பட்டென்று அறுந்தது. டிலே லூப்பருக்கு முன்னால் இருந்ததால், பதிவு முடிந்ததும் நேராக ஓவர்டப்புக்கு (பதிந்ததன்மேலேயே சேர்த்துப் பதிவது) போகும்படி லூப்பரை மாற்றினேன். மிச்ச வால் லூப்பின் தொடக்கத்தில் பதிந்துகொண்டது. ஒரு சுற்று முடிந்ததும் ஓவர்டப்பை நிறுத்திவிடுவேன்.

புதுப்புது எஃபெக்டுகளைவிட, லூப்பின் நீளத்தைத் தசமத்தோடு காட்டும் திரைதான் வாசிப்பவருக்கு முதலில் வேண்டும் என்பேன். பல லூப்பர்களில் அது இல்லை.