பம்பர்ஸுக்கு முதல் ஒரு கொப்பி: சலம் கட்டுப்படாதவர்களை வீட்டில் பார்ப்பது

விசுவமடுப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குச் சலம், அதாவது சிறுநீர், கட்டுப்படாது. அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டது. அண்ணாவுக்கு 2009 போரில் செல் துண்டு முள்ளந்தண்டில் பட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இரண்டு பேரையும் நான்தான் பார்க்கிறேன். வன்னியில் இப்படியான வீடுகள் நிறைய. காயத்தைப் பற்றிக் கதைப்போம், சீனி, பிறசர் பற்றிக் கதைப்போம், சலம் போவதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கேட்டால், "கடையில பம்பர்ஸ் வாங்கிக் கட்டி விடு பிள்ளை" என்பதோடு கதை முடிந்துவிடும்.

பம்பர்ஸ் தேவைதான். ஆனால் அது கடைசியில் வர வேண்டிய பொருள். முதலில் ஏன் போகிறது, எந்த நேரம் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வயது போனால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். நேற்றுவரை நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று கட்டுப்படாமல் போனால் அதற்குக் காரணம் இருக்கும். சலத்தில் கிருமி இருக்கலாம், சீனி ஏறியிருக்கலாம். பல நாள் வயிற்றால் போகாமல் மலம் இறுகிச் சலப்பையை நெரிக்கலாம். ஆண்களுக்குச் சலப்பைக்குக் கீழே இருக்கிற புரஸ்டேட் சுரப்பி வீங்கி, சலம் முழுதாகப் போகாமல் நிறைந்து வழியலாம். வயதானவர்களுக்குக் கிருமி வந்தால் சில வேளை காய்ச்சலே இருக்காது, திடீரென்று நினைவு குழம்பி மாறாட்டமாகக் கதைப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே முதலில் கிளினிக்கில் சலத்தையும் சீனியையும் சோதித்துப் பாருங்கள். கால் வீக்கத்துக்கோ பிறசருக்கோ சலம் போக வைக்கும் குளிசை குடிக்கிறார் என்றால் அதையும் டொக்டரிடம் காட்டிக் கேளுங்கள். அம்மாவின் குளிசையைப் பின்னேரத்திலிருந்து காலைக்கு மாற்றித் தந்தார்கள், இரவில் நனைகிறது பெரும்பாலும் நின்றுவிட்டது. நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம்.

அப்புறம் கொப்பி. பிள்ளைகள் எழுதி மிச்சம் விட்ட கொப்பி போதும். 3 நாளைக்கு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்குச் சலம் போனார், எவ்வளவு, எப்போது நனைந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார். அளவுக்கு ஒரு பழைய பிளாஸ்ரிக் யக்கில் கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவின் கொப்பியைத் திறந்தால் இப்படி இருக்கும். 6 மணி, பிளேன்ரீ ஒரு கப். 6.50, கட்டிலில் நனைந்தது. 9.30, கோழி கலைக்க எழும்பும்போது நனைந்தது. பிறகு மத்தியானம் வரைக்கும் காய்ந்த சீலை. மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது, தேத்தண்ணி குடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடுகிறது என்று. இப்போது 6.30 க்கே கூட்டிக்கொண்டு போகிறேன், 9 மணிக்கு ஒரு தரம், பிறகு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம். "சலம் வருதே அம்மா?" என்று கேட்டால் எப்போதும் "இல்லை" என்றுதான் சொல்லுவா, எனக்குக் கரைச்சல் தரக்கூடாது என்று. அதனால் கேட்பதை விட்டுவிட்டு, "வாங்கோ அம்மா, ஒருக்காப் போயிட்டு வந்து சாப்பிடுவம்" என்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கக்கூஸ் வளவின் பின்பக்கம் இருக்கும். ஒரு கால் இழுபடுகிறவர் அவ்வளவு தூரம் நடந்து போகும் முன் பாதி போய்விடும். அது சலப்பையின் குற்றம் இல்லை, தூரத்தின் குற்றம். கட்டிலடியில் கொமட் கதிரை வையுங்கள். வாங்க வசதியில்லை என்றால் கனமான மரக்கதிரையின் நடுவில் தச்சரிடம் வட்டமாக வெட்டுவித்து, கீழே வாளி வைக்கலாம். ஆடாமல் சுவரோடு சேர்த்து வைக்க வேண்டும். சேலைக்குப் பதிலாக இடுப்பில் இலாஸ்ரிக் வைத்த பாவாடை. இரவில் கைக்கெட்டும் இடத்தில் ரோச் லைற்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: தண்ணீரைக் குறைக்காதீர்கள். நனையுமே என்று நோயாளியும் குறைப்பார், பார்க்கிறவரும் குறைப்பார். எங்கள் வெயிலுக்கு அது ஆபத்து. சலம் கடுத்துச் சலப்பையை அரிக்கும், அடிக்கடி போக வைக்கும், கிருமி சேரும், கல் கட்டும். நாளுக்கு ஒன்றரை முதல் 2 லீற்றர் வரை பகலில் பிரித்துக் கொடுங்கள், படுக்க முந்தின இரண்டு மூன்று மணித்தியாலம் மட்டும் குறைக்கலாம். சிறுநீரக வருத்தமோ இருதய வருத்தமோ உள்ளவருக்கு டொக்டர் சொன்ன அளவுதான். பின்னேரத் தேத்தண்ணியையும் கோப்பியையும் குறைப்பது நல்லது, அவை சலப்பையைத் தூண்டும்.

அண்ணாவின் விசயம் வேறு. அவருக்குச் சலப்பை நிறைந்ததே தெரியாது, நிறைந்து வழியும்போதுதான் தெரியும். அடிவயிற்றை அமுக்கி வெளியேற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவு செய்து செய்யாதீர்கள், சலம் திரும்பிச் சிறுநீரகத்துக்கு ஏறலாம். அவர் 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒரு தரம் மெல்லிய குழாயை விட்டுச் சலத்தை இறக்கிவிட்டு எடுத்துவிடுவார். ஒரு தரத்துக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் வந்தால் இடைவெளி கூடிவிட்டது, கிட்டக் கிட்ட இறக்க வேண்டும். முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதுதான் முக்கியம். இதை ஆஸ்பத்திரியில் தாதியிடம் நேரே பழகித்தான் செய்ய வேண்டும், வாசித்துப் பழகிற வேலை இல்லை.

நிரந்தரமாகக் கதீற்றர், அதாவது சலம் இறங்கும் குழாய், போட்டிருப்பவர்களுக்குச் சலம் சேருகிற பை எப்போதும் சலப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், நிலத்தில் படக்கூடாது. ஓட்டோவில் கிளினிக் போகும்போது பையை மடியில் வைத்துக்கொள்வதை அடிக்கடி காண்கிறேன். பையிலுள்ள சலம் திரும்பி உள்ளே ஓடும். காலோடு கட்டிவிடுங்கள். முக்கால் பை நிறைய முன்பே வெற்றாக்குங்கள், குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கழுத்திலோ நெஞ்சின் மேல்பக்கத்திலோ முள்ளந்தண்டு அடிபட்டவருக்குத் திடீரென்று தலை பிளக்கிற மாதிரி வலித்து, முகம் சிவந்து, வியர்த்தால் பிறசர் எகிறியிருக்கும். உடனே நிமிர்த்தி இருத்தி, உடுப்பைத் தளர்த்தி, குழாயின் மடிப்பை எடுத்துவிட்டு 1990 க்கு அடியுங்கள். அது சுவசெரிய அம்புலன்ஸ் நம்பர், காசு கேட்க மாட்டார்கள்.

தோலைப் பற்றி. நனைந்த உடனே தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் துவாயால் ஒற்றி எடுங்கள். பவுடர் வேண்டாம், ஈரத்தில் கட்டிபட்டு உரசும். வசிலின் மெல்லிசாகப் பூசினால் போதும். கட்டிலில் கிடப்பவரை 2 மணித்தியாலத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வையுங்கள். அண்ணாவுக்கு நோகாது என்பதால் குளிக்க வார்க்கும்போது புட்டத்தையும் குதிகாலையும் நான் பார்ப்பேன். விரலால் அமுக்கியும் மறையாத சிவப்பு இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் படுக்கக்கூடாது. மெத்தைக்கு மேலே றபர் சீற், அதற்கு மேலே நாலாய் மடித்த பழைய நூல்சேலை. றபர் தோலில் படக்கூடாது. பம்பர்ஸை நாங்கள் இரவுக்கும் பயணத்துக்கும் மட்டும் கட்டுகிறோம், அதுவும் நனைந்தால் உடனே மாற்றுவோம்.

காய்ச்சலோடு நடுக்கம், சலத்தில் இரத்தம், அடிவயிறு வீங்கியும் சலம் போகாமை, புதிதாக வந்த மாறாட்டம் ஆகியவற்றுக்கு விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், கொப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு.