ஆக்கப் பொறுத்தேன், ஆறப் பொறுக்கவில்லை: விசேஷ கேக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலை 6 மணிக்குப் பிறந்தநாள். ஸ்பாஞ்ச் கேக் ஓவனை விட்டு வெளியே வந்ததே 4 மணிக்குத்தான். ஐந்து மணிக்குத் தொட்டுப் பார்த்தேன், மேலே ஆறியிருந்தது. சரி, இது போதும் என்று குறுக்கே அறுத்து, நடுவில் க்ரீம் தடவி, மேல் அடுக்கைத் தூக்கி வைத்தேன். வெளியே ஆறிய கேக்கின் வயிற்றில் சூடு அப்படியே இருந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் நடு க்ரீம் பளபளத்தது, அப்புறம் ஓரத்தில் சொட்டியது. மேல் அடுக்கு சறுக்குமரத்தில் உட்கார்ந்த குழந்தை மாதிரி மெதுவாக ஒரு பக்கம் நகர ஆரம்பித்தது. நாலு டூத்பிக்கைக் குத்தி அதை நிறுத்தினேன். அன்றைய படங்கள் எல்லாவற்றிலும் கேக் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் நிற்கிறது.

ரோஜா சரியாக விழவில்லை, ஓரம் நேராக வரவில்லை என்று அலங்காரத்தைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறோம். நான் பார்த்த வரையில் விசேஷ கேக்கைக் கெடுப்பது கைத்திறன் இல்லாமை அல்ல, நேரக் கணக்கு. விழாவுக்கு மணி குறித்தாகிவிட்டது, அது நமக்காகத் தள்ளிப்போகாது. கேக்கும் நம் அவசரத்துக்கு ஆறாது. எல்லாவற்றையும் அன்றைக்கே செய்துகொள்ளலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் அதன் பிள்ளைகள்.

முந்தின நாளே சுட்டுவிடுங்கள். இறக்கியதும் டின்னிலேயே 10 நிமிடம் விட்டு, பிறகு கம்பித் தட்டில் கவிழ்த்து இரண்டு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். டின்னிலேயே கிடந்தால் அடிப்பாகம் வேர்த்து நசநசத்துப் போகும். முழுக்க ஆறியபின் கிளிங் ஃபிலிம் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அறுக்கும்போது வித்தியாசம் தெரியும்: குளிர்ந்த கேக் உதிராது, கத்தி நேராக ஓடும். இன்னும் முன்கூட்டியே செய்ய வேண்டுமானால், இரட்டைச் சுற்றாகச் சுற்றி ஃப்ரீசரில் சில வாரம்கூட வைக்கலாம். வெளியே எடுத்ததும் சுற்றைப் பிரிக்காமலே உருகவிடுங்கள். அப்போதுதான் நீர்த்துளிகள் கேக்கின் மேல் படியாமல் சுற்றின் மேல் படியும்.

இனி மாவுக்கு வருவோம். கப்பால் மைதாவை அள்ளுவது பார்க்கச் சாதாரணமாக இருக்கும். கரண்டியால் மெல்லப் போட்டு நிரப்பிய ஒரு கப் மைதா சுமார் 120 முதல் 125 கிராம். டப்பாவுக்குள் கப்பை நுழைத்து அழுத்தி அள்ளினால் அதே கப்பில் 150 கிராம் வரை ஏறிவிடும். மூன்று கப் மாவுக்கு 75 முதல் 90 கிராம் வரை கூடுதல்! கேக் வறட்டென்று வந்ததற்கு ஓவனைத் திட்டிப் பயனில்லை. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். க்ரீம் பிழியும் நாசில் செட் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயை நேராக பீட்டரில், அதாவது அடிக்கும் கருவியில், போடுவதும் அவசரத்தின் வேலைதான். வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிப்பது இரண்டையும் கலக்க மட்டுமல்ல. சர்க்கரைத் துகள்கள் வெண்ணெயைக் கீறிக் கீறிக் காற்றை உள்ளே அடைக்கின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழிகளை உண்டாக்குவதில்லை, இப்படி அடைபட்ட குமிழிகளைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. கல் மாதிரி இருக்கும் வெண்ணெயில் காற்று ஏறாது, உருகிய வெண்ணெயில் நிற்காது. விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுக்கக் கூடாது. சுமார் 20 டிகிரி செல்சியஸில் அந்தப் பதம் இருக்கும். முட்டையும் அறைச் சூட்டில் இருக்கட்டும். சில்லென்ற முட்டையை ஊற்றினால் கலவை திரிந்துவிடும். மறந்துவிட்டால், வெதுவெதுப்பான நீரில் முட்டையைப் பத்து நிமிடம் போட்டு வைத்தால் போதும்.

கேக் நன்றாக உப்ப வேண்டும் என்று பேக்கிங் பவுடரைக் கூட ஒரு ஸ்பூன் போடுவார்கள். அது உப்பும், நடுவில் குழியும் விழும். குமிழிகள் அளவு மீறிப் பெருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்துவிடுவதுதான் காரணம். ஒரு கப் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன் போதும். சமையல் சோடா அதைவிட மூன்று நான்கு மடங்கு வீரியமானது. தயிர், எலுமிச்சைச் சாறு மாதிரி ஏதாவது புளிப்பு இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும், இல்லையென்றால் சோப்பு வாடைதான் மிஞ்சும். பழைய பேக்கிங் பவுடர் மேல் சந்தேகமா? கொஞ்சம் எடுத்துச் சுடுநீரில் போடுங்கள். நன்றாகப் பொங்கவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். மாவு சேர்த்தபின் பீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள், வெள்ளைத் திட்டு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். கூட ஓட்டினால் மைதா இழுவை கொடுக்கும், கேக் ரொட்டியாகிவிடும்.

விசேஷத்துக்கு மட்டுமே வரும் தவறு ஒன்று உண்டு. வழக்கமாக 20 சென்டிமீட்டர் டின்னில் செய்பவர், விருந்தாளிகள் அதிகம் என்று 25 சென்டிமீட்டர் டின்னை எடுப்பார். ஐந்து சென்டிமீட்டர்தானே, அளவை லேசாகக் கூட்டினால் போதாதா? போதாது. வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால் முதலாவது 314 சதுர சென்டிமீட்டர், இரண்டாவது 491. அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். பழைய அளவிலேயே ஊற்றினால் கேக் தோசையாக வரும். சின்ன டின்னில் வழிய வழிய ஊற்றுவதும் தப்பு, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது. புது டின்னை விழாவுக்குத்தான் முதன்முதலில் எடுப்பேன் என்று அடம்பிடிக்காமல் ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

ஓவன் காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். வீட்டு ஓவன்களில் 10, 20 டிகிரி முன்பின் இருப்பது சகஜம். உள்ளே வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் குழப்பம் தீரும். பாதி நேரம்கூட ஆகாதபோது கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பது நம் எல்லோருக்கும் உள்ள வியாதி. வெளியே போகும் சூட்டோடு நடுப்பாகமும் அமுங்கிவிடும்.

க்ரீமில் ஒரு நிமிட விஷயம்தான் எல்லாம். பாலிலிருந்து எடுத்த விப்பிங் க்ரீமில் கொழுப்பு 30 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், 35 இருந்தால் இன்னும் நல்லது. க்ரீம், கிண்ணம், பீட்டர் கம்பி மூன்றும் சில்லென்று இருக்கட்டும். முதலில் நுரை மாதிரி இருக்கும். அப்புறம் கம்பி போன தடம் தெரிந்து மறையும். தடம் மறையாமல் நின்றதும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள், இனி கண்ணை எடுக்கக் கூடாது. கம்பியைத் தூக்கினால் முனை நிமிர்ந்து நிற்க வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஓட்டினால் ரவை ரவையாகும், அதற்குமேல் அது வெண்ணெய்தான். ரவை பதத்தில் பிடித்துவிட்டால், அடிக்காத க்ரீம் இரண்டு ஸ்பூன் விட்டுக் கையால் மெதுவாகக் கலந்து காப்பாற்றலாம். வெண்ணெயாகிவிட்டால் காலை டிபனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலில், திறந்த வெளியில் விழா என்றால் இந்த க்ரீமை நம்பவே வேண்டாம். பட்டர் க்ரீமும் 30 டிகிரியைத் தாண்டினால் தளர்ந்துவிடும். கெட்டியான சாக்லேட் கனாஷ் அதைவிடத் தாங்கும். டார்க் சாக்லேட் இரண்டு பங்குக்கு க்ரீம் ஒரு பங்கு, வெள்ளைச் சாக்லேட் என்றால் மூன்றுக்கு ஒன்று. சாக்லேட்டைத் தனியாக உருக்கும்போது ஒரு துளித் தண்ணீர் விழுந்தாலும் அது கட்டிதட்டிப் போகும், கரண்டியைக்கூடத் துடைத்துவிட்டே போடுங்கள்.

க்ரீம் பூச்சில் கேக் துகள் ஒட்டுவதற்கு மருந்து, பூச்சை இரண்டாகப் பிரிப்பதுதான். முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு, கேக் நிறம் தெரிந்தாலும் பரவாயில்லை. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் துகளெல்லாம் அதிலேயே சிறைப்பட்டுவிடும். மேல் பூச்சு பளிங்காக வரும். அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்த அரை மணி நேரம்தான்.

நிறத்துக்குத் தண்ணீர் மாதிரியான கலரை ஊற்றாதீர்கள், க்ரீம் இளகும். ஜெல் கலர் துளி போதும். சிவப்பும் கறுப்பும் கலந்த உடனே வெளிறித்தான் தெரியும், சில மணி நேரத்தில் தானாகவே அடர்ந்துவரும். அது தெரியாமல் பாட்டில் முழுக்கக் கொட்டினால் க்ரீம் கசக்கும், விருந்தாளிகளின் நாக்கும் நிறம் மாறும். சர்க்கரைப் போர்வையான ஃபாண்டன்ட்டை விப்பிங் க்ரீம் மேல் போர்த்தினால் ஈரம் இழுத்துக் கரையும், அடியில் கனாஷோ பட்டர் க்ரீமோ இருக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் அது வேர்த்தால் துடைக்காமல் விடுங்கள், தானே உலரும்.

பெயர் எழுதுவதற்கும் ஒத்திகை வேண்டும். தமிழ் எழுத்துக்கு வளைவுகள் அதிகம், தடித்த நாசிலில் ழவும் ணவும் அடைந்துபோய்விடும். மெல்லிய வட்ட நாசிலை எடுத்து முதலில் தட்டில் எழுதிப் பாருங்கள், பிறகு கேக்கில் ஊசி முனையால் லேசாகக் கீறிக்கொண்டு அதன்மேல் ஓட்டுங்கள். ‘வாழ்த்துகள்’ என்றே எழுதிவிடுங்கள். இலக்கணச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், ஓர் எழுத்து மிச்சம்.

காரில் கொண்டுபோகும்போது கேக்கை மடியில் வைக்காதீர்கள். மடியும் சீட்டும் சாய்வானவை, கீழே தரைதான் சமம். அடுக்கு கேக் என்றால் கீழடுக்கில் தாங்கு குச்சிகள் இல்லாமல் மேலடுக்கை ஏற்றக் கூடாது.

கடைசியாக, கேக்கின் மேல் இருப்பதெல்லாம் தின்னக்கூடியவை அல்ல. மினுக்கும் பொடி டப்பாவில் ‘நச்சற்றது’ என்று போட்டிருந்தால் அது உணவு என்று அர்த்தமில்லை. உண்ணத் தகுந்தது என்று இருக்க வேண்டும், அதில் கலந்தவற்றின் பட்டியலும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2018-ல் ஒரு பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. பூசியிருந்த பொடியில் செம்பு இருந்தது பிறகு தெரிந்தது. நிஜப் பூக்களிலும் அரளி மாதிரி விஷமுள்ளவை உண்டு, அழகுக்காகக்கூடச் செருகக் கூடாது.

டூத்பிக் குச்சிகளையும் எண்ணித்தான் குத்த வேண்டும், எண்ணித்தான் எடுக்க வேண்டும். அன்று நான் குத்தியது நாலு. வெட்டும் நேரத்தில் மூன்றுதான் கையில் வந்தது. நாலாவது கிடைக்கும்வரை யாருக்கும் துண்டு கொடுக்க மாட்டேன் என்று கேக்கைக் கிளறிக்கொண்டு நின்றேன், பிறந்தநாள்காரி அழுதேவிட்டாள்.