பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள்

செம்பனை (பாமாயில்) ஆலையில் பழக்குலைகளை நகர்த்தும் கன்வேயருக்குள் கை விடும் முன், மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியைச் சொந்தப் பையில் போட்டு, ஆட்களை விலக்கிவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். பிறகு ஸ்டாப்பையும் அழுத்துங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் பெயர்ப்பலகை மறைந்து, பக்கத்து மோட்டாரின் சுவிட்சைப் பூட்டிவிடுவது எளிது. ஓடினால் அப்போதே தெரிந்துவிடும். பத்து விநாடி வேலைதான்.

ஆனால் வரிசையாக இணைத்த கன்வேயர்களில் இதை நம்ப முடியாது. அடுத்தது நின்றிருந்தால், மின்சாரம் இருந்தாலும் பட்டன் வேலை செய்யாது. அங்கே சார்ஜ்மேன் (தகுதிபெற்ற மின்பணியாளர்) டெஸ்டர் வைத்து மூன்று பேஸிலும் மின்சாரம் இல்லையா என்று பார்க்கவேண்டும். குலைகளை வேகவைக்கும் ஸ்டெரிலைசரின் நீராவி, எண்ணெய் பிழியும் ஸ்க்ரூ பிரஸ்ஸின் ஹைட்ராலிக் அழுத்தம் இரண்டையும் பட்டன் காட்டாது. வால்வைத் திறந்து வெளியேற்றி, அழுத்தம் காட்டும் கேஜ் பூஜ்ஜியத்துக்கு வந்ததா பாருங்கள்.